இஸ்திரிப் பெட்டியில் எடுத்த பனி

அடுப்படிக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கரண்டு இஸ்திரிப் பெட்டி தரையில் மல்லாந்து கிடந்தது.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே, சூடாகிற பக்கம் மேலே பார்க்க, அதை அசையாமல் நிறுத்தியிருந்தார் இவர். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இங்க் ஃபில்லரால் எதையோ சொட்டுச் சொட்டாக அதன் மேல் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், வெள்ளை வெளேரென்று ஒரு கொத்துப் புகை.

“என்ன பண்றீங்க?”

“கிட்ட வராதே. பனி எடுக்கறேன்.”

கடையில் போய்க் கத்திரிக்காய் எடுத்து வருகிறேன் என்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. மறுநாள் கட்ட வேண்டிய புடவை கஞ்சி போட்டு, மொடமொடவென்று கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு நான் எதைக் கட்டிக்கிட்டுப் போறது?”

“உனக்காகத்தான் இதெல்லாம்” என்றார். இந்த ஒரு பதிலுக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே இருந்ததில்லை.

‘இவர்’ என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர். வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேனாக, ஒரு பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். பெயரைப் போட்டு எழுதுங்களேன் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். இத்தனை வருஷம் வாயால் சொல்லாத பெயரைக் கை மட்டும் எழுதிவிடுமா? இவர் என்றே இருக்கட்டும்.

நான் எழுதிய ஒரு வார்த்தை

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரயில்வே காலனியில் ஒரு நாடக மன்றம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாடகம். அந்த வருஷம் எழுதித் தருகிறவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட, “டீச்சர், நீங்க எழுதிப் பாருங்களேன்” என்று கேட்டுவிட்டார்கள். சும்மா மரியாதைக்குக் கேட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நான் நிஜமென்று நம்பி, பதினைந்து நாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சரசு என்று ஒரு பெண். மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைக்கிறது. வீட்டில் யாருக்கும் அனுப்ப மனசில்லை. ஒரு மார்கழி விடியலில், சின்ன ஸ்டேஷன் ஒன்றில், தகரப் பெட்டியோடு தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் தேடிக்கொண்டு வருகிறான், வீட்டுக்குத் திரும்பிவிடு என்கிறான். அப்போது சரசு நான்கு நிமிஷம் பேசுகிறாள். பேசிவிட்டு ரயில் ஏறிவிடுகிறாள்.

அந்த நான்கு நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஒன்றரை மணி நேரத்தையும் எழுதினேன். மன்றத்தின் செயலாளர் கோதண்டம் சரியாக அங்கேதான் கை வைத்தார்.

“தப்பா நினைக்காதீங்க டீச்சர். ஒரு பொம்பளை மேடையில தனியா நின்னு நாலு நிமிஷம் பேசினா, ஜனங்க எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க. பாட்டு இல்லை, சண்டை இல்லை. கண்ணுக்கு என்ன இருக்கு?”

பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது என்ன, ‘விடியற்காலம், பனிமூட்டம்’னு போட்டிருக்கீங்க? இதை மேடையில காட்ட முடியுமா? பனி வந்தா பேச்சு இருக்கட்டும். வரலேன்னா, அண்ணன் வந்து தங்கச்சியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான்னு முடிச்சிடுவோம். குடும்பத்தோட பார்க்கிறவங்களுக்கு அதுதான் திருப்தி.”

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் அது என் நாடகமா? அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர், “பனிதானே? நான் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டார். இதோ வாய்க்காலில் மொண்டு வருகிறேன் என்கிற மாதிரி.

ஆவிக்கு அறிவு கிடையாது

முதலில் இட்லிப் பானை. மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார். எனக்கு இருந்த ஒரே இட்லிப் பானை. ஆவி நன்றாகத்தான் வந்தது, வந்த வேகத்தில் மேலே போய்விட்டது. உத்தரத்தில் முத்து முத்தாகக் கோத்து, காய வைத்திருந்த அப்பளத்தின் மேல் சொட்டியது.

“ஆவி மேலே போகுது. பனி கீழேயில்ல படுக்கணும்?” என்று என்னிடமே கேட்டார். நான் என்ன, ஆவிக்கு அக்காவா?

அடுத்தது சாம்பிராணி. கங்கில் அள்ளிப் போட்டு விசிறினார். வீடு முழுக்கப் புகை, கண் எரிச்சல். பக்கத்து வீட்டு அம்மாள் சந்தோஷமாக ஓடிவந்து, “என்ன டீச்சர், சாம்பிராணி வாசம் தூக்குது? பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினீங்களா, யார் பிள்ளை வந்திருக்கு?” என்று கேட்டாள்.

எங்களுக்கு அப்போது குழந்தை கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் மனசில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை. இவருக்கு அது புரிந்தது போலிருக்கிறது. சாம்பிராணியை அதோடு விட்டுவிட்டார். தாளித்துக் கொட்டக்கூடத் தெரியாத மனிதர், அன்றைக்கு ரசம் வைத்தார்.

மூன்றாவதுதான் கிளிசரின். ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொன்னார்களாம், சூட்டில் பட்டால் வெள்ளைப் புகை வரும், ஐஸ் மேல் விட்டால் கனத்துத் தரையோடு ஓடும் என்று. உதட்டு வெடிப்புக்குத் தடவுகிற கிளிசரின். மருந்துக் கடையில் நான்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

“மூணு பாட்டிலா? வீட்டுல யாருக்குங்க இவ்வளவு வெடிச்சிருக்கு?” என்றார் கடைக்காரர். எனக்குத்தான் மண்டை வெடிக்கிறது என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மூன்றாவது முயற்சியில்தான் என் இஸ்திரிப் பெட்டி மல்லாந்தது.

ஸ்ரீரங்கத்து ஃபேன்

புகையைத் தள்ள ஒரு மேஜை ஃபேன் வேண்டும். எங்கள் வீட்டில் ஏது? ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அக்காள் முகத்தைச் சுளிக்கச் சுளிக்க வாங்கி வந்தோம். வரும்போது பஸ்ஸில் ஃபேனை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இவர் நின்றுகொண்டு வந்தார். கண்டக்டர், “அதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?” என்றார். போடுங்கள் என்று இவர் சொல்லியிருப்பார். நான் முறைத்ததால் பிழைத்தோம்.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அப்பா ஸ்ரீரங்கத்தில் வாழைத்தார் மண்டி வைத்திருந்தார். எனக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தபோது வேண்டாமென்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பிய காலையில் கொள்ளிடக் கரை முழுக்கப் பனி. எதிரில் வருகிற மாட்டு வண்டி தெரியவில்லை, மணிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மண்டிக்குள்ளேயே இருந்தார். தார்களை எண்ணிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லிக்கொண்டு போக வேண்டுமென்று வாசலில் நின்ற நான், ஒரு வார்த்தையும் வராமல் அப்படியே போய்விட்டேன். அதற்கப்புறம் அவரும் அதிக நாள் இருக்கவில்லை.

அன்றைக்கு வராத வார்த்தைகளைத்தான் சரசு வாயில் போட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கோதண்டத்திடம் எப்படிச் சொல்வது? இவரிடம்கூடச் சொல்லவில்லை. இவர் அப்போது ஃபேன் இறக்கையை விரலால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணுக்கால் வரை

இயந்திரம் ஒருவழியாக உருவாகிவிட்டது. ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்குள் மல்லாந்த இஸ்திரிப் பெட்டி. மேலே கிளிசரின் சொட்ட ஒரு புட்டி. பின்னால் ஃபேன். புகை ஒரு மரப்பெட்டிக்குள் போகும். அதில் உடைத்த ஐஸ். அங்கிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற தகரக் குழாய் ஒன்று. குழாய்கள் சேருகிற இடத்தில் என் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, மைதாப் பசையில் நனைத்துச் சுற்றியிருந்தார். பழைய புடவைதான். அதற்காகக் கேட்காமல் கிழிப்பதா?

“நான் எழுதினது அறுபது பக்கம் பேச்சு. ஒரு வார்த்தை பனி. நீங்க எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கிட்டு அழறீங்க.”

“அந்த ஒரு வார்த்தை வரலேன்னா உன் பேச்சை வெட்டிடுவாங்க. அதுக்குத்தானே நாய் மாதிரி அலையறேன்?”

கிழித்தது போக மிச்சப் புடவையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் சொன்னது நிஜம் என்பதில் இன்னும் எரிச்சல்.

பொய் சொல்லக் கூடாது. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. குழாயிலிருந்து பனி சத்தமில்லாமல் இறங்கி, தரையோடு தவழ்ந்து, என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக வெளியே போயிற்று. கோதண்டம் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“டீச்சர், உங்க பேச்சு அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்து வெட்டலை. ஆனா இந்தப் பனி விஷயம் வெளியில யார் காதுலயும் விழக் கூடாது. திடீர்னு வந்தாத்தான் மவுசு.”

சரி என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

சர்பத்துக்குப் போன ஐஸ்

நாடகத்தன்று ஐஸ் பார்களை உமி போட்ட சாக்கில் கட்டி, பகலிலேயே கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் வைத்திருந்தோம். சாயங்காலம் சிறப்பு விருந்தினர் குடும்பத்தோடு வந்தார். அவர்களுக்குச் சர்பத் கொடுக்க வேண்டுமே என்று யாரோ உபசாரத் திலகம் சாக்கைப் பிரித்து, முக்கால்வாசி ஐஸை எடுத்துப் போய்விட்டார். நாங்கள் கவனித்தபோது மரப்பெட்டியில் போடக் கைப்பிடி அளவுதான் இருந்தது, மீதியெல்லாம் ஈர உமி.

“பரவாயில்லை, சமாளிச்சிடலாம்” என்றார் இவர். இவர் பரவாயில்லை என்றால் எதுவோ உடையப்போகிறது என்று அர்த்தம்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் எழுதிய ஸ்டேஷன், நடுவில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் சரசுவாக மணவாளன். எங்கள் காலனியில் அப்போதெல்லாம் பெண்கள் மேடை ஏறுவதில்லை. ஸ்டோர்ஸ் கிளார்க் மணவாளன்தான் எல்லா வருஷமும் கதாநாயகி. நல்ல குரல், பாவம் நன்றாகவும் நடிப்பார். குழாயின் வாய் அவர் பெஞ்சுக்கு அடியில் இருந்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால் வசன நோட்டோடு நின்றேன்.

அண்ணன் பேசி முடித்தான். சரசு எழுந்தாள். “அண்ணே, நான் சொல்றதை உட்கார்ந்து கேளு” என்று ஆரம்பித்தாள். சபை அமைதியாகத்தான் இருந்தது. ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை. இவர் ஸ்விட்சைப் போட்டார்.

ஐஸ் இல்லாத பனி தரையில் படுக்குமா? சூட்டோடு வந்தது. மைதாப் பசை இளகிப் புடவைச் சுற்று பிய்த்துக்கொள்ள, பெஞ்சின் பக்கவாட்டிலிருந்து ‘புஸ்ஸ்’ என்று ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு பீச்சல் கிளம்பியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. முன் நான்கு வரிசையும் பாய்லர் ஷாப் ஆட்கள். ரயில் எஞ்சின் பாய்லரோடு வாழ்கிறவர்கள். இணைப்பு விட்டு நீராவி பீச்சினால் பக்கத்தில் இருக்கிறவன் தோல் உரிந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களுக்கு அது பனியா? பனி வரப்போகிறது என்று அவர்களிடம் யாராவது சொன்னோமா?

பாய்லர் ஷாப் ஃபிட்டர் சவரிமுத்து, ஆறடி ஆள், ஒரே தாவில் மேடை ஏறிவிட்டார்.

“ஸ்டீம் அடிக்குது, வால்வை மூடுங்கடா” என்று கத்திக்கொண்டே போய், பேசிக்கொண்டிருந்த சரசுவை இடுப்போடு சேர்த்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பின்னாலேயே நான்கு பேர் ஏறினார்கள். ஒருவர் தோள் துண்டை உருவிக் குழாயில் சுற்றி இறுக்கினார். ஒருவர் தகர டின்னைக் காலால் எத்தினார். சொட்டுப் புட்டி கவிழ்ந்து கிளிசரின் மொத்தமும் பெட்டி மேல் கொட்ட, மேடையே காணாமல் போயிற்று. காரல் நெடி. எல்லோருக்கும் இருமல். ஃபியூஸ் போய் விளக்கும் அணைந்தது.

“அவரை இறக்கி விடுங்க, பேச்சு இன்னும் இருக்கு” என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது? புகைக்குள்ளிருந்து மணவாளன், “அண்ணே விடுங்கண்ணே, சுடலைண்ணே” என்று கெஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் மனப்பாடமாக மிச்ச வசனத்தைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வரி சொல்லியிருப்பேன். கோதண்டம் திரையை இறக்கிவிட்டார்.

ஒரு ஆண்பிள்ளை வந்து சரசுவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், திரை விழுந்தது. என் நாடகத்தின் முடிவு என்று பொன்மலை பார்த்தது அதுதான்.

நன்றியுரை

கைதட்டல் அடங்கவே இல்லை. விளக்கு வந்ததும் சிறப்பு விருந்தினர் மேடை ஏறி, இப்படித் தத்ரூபமான காட்சியைத் தாம் பார்த்ததே இல்லை என்றார். ஸ்டேஷனில் விபத்து நடப்பதும் தொழிலாளர்கள் ஓடிவந்து காப்பாற்றுவதும் அவருக்கு மெய்சிலிர்த்ததாம். எல்லாம் எழுதி வைத்து நடித்ததென்றே நினைத்துவிட்டார். அவரைத் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

காட்சி அமைப்புக்கென்று இவருக்கு ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். இவர் மைக்கைப் பிடித்து, மருந்துக் கடைக்காரருக்கு, ஸ்ரீரங்கத்து அக்காவுக்கு, ஐஸ் கம்பெனிக்கு நன்றி சொன்னார். கடைசியாக, “இஸ்திரிப் பெட்டி கொடுத்து உதவிய என் மனைவிக்கும் நன்றி” என்றார்.

இஸ்திரிப் பெட்டி. நாடகத்தை எழுதினேனே, அது?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் இவருக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன். மறுநாள் விடிந்ததிலிருந்து ஊரில் ஒரே பேச்சுதான். கடைக்குப் போனால், “பனி பிரமாதம் டீச்சர்.” பள்ளிக்கூடத்தில், “சார் பனி எப்படிங்க பண்ணாரு?” போகிற இடமெல்லாம் பனி, பனி. நோட்டை எடுத்துப் பரணில் எறிந்தேன். இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். 

வாசலில் வந்தவள்

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெண்மணி வாசலில் நின்றாள். முன்பின் பேசிப் பழக்கமில்லை.

“நான் அந்தோணியம்மா. அன்னிக்கு மேடையில ஏறினாரே சவரிமுத்து, அவர் வீட்டுக்காரி.”

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விடுங்கள், போனது போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு வரவில்லை.

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். அந்தப் பொண்ணு ரயில் ஏறிச்சா, இல்லையா? புகையில ஒண்ணும் தெரியலை. ஏதோ சொல்ல ஆரம்பிச்சுது, என்ன சொல்ல வந்துச்சு?”

மூன்று நாளில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.  உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல், நின்ற இடத்திலேயே சரசு சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எங்க ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் டிரெயினிங் கடுதாசி வந்து பத்து நாளாச்சு. அவர் அதைப் பிரிக்கவே இல்லை. பைபிளுக்குள்ள வெச்சிருக்கார். கொஞ்சம் வீட்டுக்கு வந்து, அவர் எதிர்ல சொல்லுங்க.”

முகத்தைக் கழுவிக்கொண்டு அவளோடு போனேன். சவரிமுத்து ஷிப்டு முடிந்து வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். “ஸ்டீம்னு நெனைச்சுட்டேன் டீச்சர்” என்றார். ஸ்டெல்லா உள்ளறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

உட்காருங்கள் என்றேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், அந்த ஆறடி ஆளும் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். நடிக்க எனக்கு வராது. எழுதினதை எழுதினபடி சொன்னேன்.

“அண்ணே, நான் சொல்றதை உட்கார்ந்து கேளு. நான் யாரோடயும் கோவிச்சுக்கிட்டுப் போகலை. ஓடியும் போகலை. வேலைக்குப் போறேன். ராத்திரி நீ ஷிப்டுக்குப் போறப்போ நாங்க அழுதோமா? சோறு கட்டிக் குடுத்து அனுப்பினோம். அதே மாதிரி என்னையும் அனுப்பு. நீ அனுப்பாம நான் போனா, போற இடத்துல என்னால நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது...”

நான்கு நிமிஷமும் சொல்லி முடித்தேன். கடைசி வரிகளில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அது சரசுவுக்காக இல்லை.

சவரிமுத்து தன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.  அப்புறம் அவர் கை நீட்டி அலமாரியிலிருந்து பைபிளை எடுத்தார். உள்ளேயிருந்த கடுதாசி உறையை எடுத்துப் பார்த்தார், பிரிக்கவில்லை. கதவோரம் நின்ற மகளிடம் நீட்டினார்.

“நீயே பிரிச்சுப் படி. என்னிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு பாரு, நான் லீவு எழுதிக் குடுக்கணும்.”